அங்காலை போய் வந்தவள்

இருங்கோ தம்பி, எழும்பாதேங்கோ. பஸ் இப்ப அசையாது. முன்னுக்கு லொறி ஏதும் பிரண்டிருக்கும், இல்லாட்டி றோட்டுத் திருத்துறாங்கள். டிரைவருக்குத் தெரியும், ஆனால் வாய் திறக்கமாட்டான். இவ்வளவு நேரமா நிக்கிறம், மைக்கில ஒரு வார்த்தை சொன்னானோ? எனக்கு உதுதான் பிடிக்காது. சனத்துக்குச் சொல்லாமல் வைச்சிருக்கிறது. நான் அப்பிடியொரு நாட்டில அஞ்சு வருசம் இருந்து பட்டனான், அதாலைதான் சொல்லுறன்.

எந்த நாடோ? கிழக்கு ஜேர்மனி. இப்ப அப்பிடி ஒரு நாடு இல்லை. நீங்கள் மதுரைப் பக்கம் எண்டு சொன்னியள், வயசும் குறைவு, தெரிஞ்சிருக்காது. ஒரே பேர்லின் நகரம், நடுவில மதில். இங்காலை மேற்கு, அங்காலை கிழக்கு. அங்காலை கம்யூனிஸ்ட் அரசாங்கம். அங்கத்தைச் சனம் மதிலைத் தாண்டி இங்காலை வர ஏலாது, வர வெளிக்கிட்டால் சுடுவாங்கள். ஆனால் என்னை மாதிரி வெளிநாட்டு மாணவன் பாஸ்போட்டில விசாவைக் குத்திக்கொண்டு காலமை போய்ப் பின்னேரம் திரும்பலாம். பகிடியைப் பாருங்கோ. சொந்தச் சனத்தைப் பூட்டி வைச்சிட்டு, கரவெட்டியில இருந்து போன குலேந்திரனுக்குக் கதவு திறந்து விட்டவங்கள்.

குலேந்திரன் நான்தான்.

என்ரை மாமா ஒருத்தர் கட்சியில இருந்தவர், மொஸ்கோப் பக்கக் கட்சி. அவர் பிடிச்சுத் தந்த புலமைப்பரிசிலில எண்பத்தியொண்டில கிழக்கு பேர்லினுக்குப் போனன். அச்சுப் பொறியியல் படிப்பு. ஹொஸ்டல், சாப்பாடு, படிப்பு எல்லாம் சும்மா. குறை சொல்லக் கூடாது. ஆனால் செய்தி எண்டு ஒண்டு கிடையாது. அவங்கட பேப்பரில உலகம் முழுக்க ஒரே உற்பத்திதான் கூடிக்கொண்டிருக்கும்.

எண்பத்திமூண்டு ஆடியில கொழும்பில எங்கட சனத்தை வெட்டி எரிச்சது உங்களுக்குத் தெரியுமெல்லோ? என்ரை அண்ணை அப்ப வெள்ளவத்தையில கடையில நிண்டவர். பேப்பரில நாலு வரி: இலங்கையில சில சம்பவங்கள், நிலைமை கட்டுப்பாட்டுக்குள். அவ்வளவுதான். ஹொஸ்டல் ரீவியில அங்கத்தைச் சனல் மட்டும்தான் போடலாம். பொறுப்பாளரைக் கேட்டன். மேற்கின்ரை வானொலி பொய் சொல்லும், அதைக் கேக்காதை எண்டான். நான் மேற்கைப் பற்றியே கேட்டனான்? என்ரை அண்ணையைப் பற்றியெல்லோ கேட்டனான்!

அந்த நேரத்திலதான் கெர்லிண்ட் வந்தவள்.

அவள் ஒரு பள்ளிக்கூடத்தில புவியியல் படிப்பிச்சவள். அதுக்கு முந்தி ஒருக்கால் தன்ரை வகுப்புக்கு வந்து இலங்கையைப் பற்றிக் கதைக்கச் சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு போனவள். அவ்வளவு பழக்கம்தான். அண்டைக்கு ஹொஸ்டல் வாசலில நிண்டு, "எங்கட வீட்டை வா, அப்பா உனக்கு ஒண்டு காட்டுவார்" எண்டாள்.

அவளின்ரை தகப்பன் ஹொர்ஸ்ற், ட்ராம் ஓட்டுறவர். மலை மாதிரி உடம்பு, குரல் மட்டும் பூனைக்குட்டியின்ரை. அந்த வீடுகளில மேற்கு ரீவி இழுக்கும். எல்லாரும் பாக்கிறவைதான், ஆனால் ஒருத்தரும் பாக்கிறதாச் சொல்லமாட்டினம். மேல்வீட்டுக்காரன் கட்சிக்காரன் எண்டு அவர் சத்தத்தை அடியோட குறைச்சு, காதைப் பெட்டியில ஒட்டிக்கொண்டு, அவை சொல்லுறதை எனக்கு ஆறுதலாத் திருப்பிச் சொன்னார். படத்தில கொழும்பு எரியுது. எனக்குத் தெரிஞ்ச தெரு எரியுது. செய்தி முடியும் வரைக்கும் ஒரு கையை என்ரை தோளில வைச்சிருந்தார்.

அண்ணை தப்பிட்டார். கப்பலில ஏத்தி காங்கேசன்துறையில இறக்கினவங்களாம். ஆனால் அது எனக்குத் தெரிய வர எத்தினையோ கிழமை போச்சு. அவ்வளவு நாளும் நான் அந்த வீட்டிலதான் கிடந்தன். பிறகென்ன, எனக்கும் கெர்லிண்டுக்கும் பிடிச்சுப் போச்சு.

பிடிச்சது எங்களுக்கு மட்டும்தான். பள்ளிக்கூட அதிபர் அவளைக் கூப்பிட்டு, "ஆசிரியை வெளிநாட்டுக்காரனோட பழகினால் எங்களுக்கு அறிவிக்கோணும், தெரியாதோ?" எண்டு கேட்டிருக்கிறார். இவள், "சரி, அறிவிக்கிறன், எனக்கு அவரைப் பிடிக்கும்" எண்டு சொல்லிப்போட்டு வந்தாள். அப்பிடி ஒரு நெஞ்சுரம். அதுதான் பிழையாப் போச்சு. கொஞ்சம் தணிஞ்சு கதைச்சிருக்கலாம்.

நான் விசா எடுத்து மேற்கு பேர்லினுக்குப் போய் வருவன். அவளுக்குக் கோப்பி வாங்கி வருவன், சவுக்காரம் வாங்கி வருவன், ஒருக்கால் ஜீன்ஸ் கூட வாங்கினனான். அது அவளுக்கு இறுக்கமாப் போச்சு. அவள் உதைத் திரும்பியும் பாக்கமாட்டாள். "எனக்குச் சாமான் வேண்டாம் குலா, நீ போன தெருவைச் சொல்லு. என்ன மரம் நிண்டது? பிள்ளையள் என்ன விளையாடினவை? மதில் அங்காலைப் பக்கம் என்ன நிறம்?" எண்டு கேப்பாள். நானெங்க மரத்தைப் பாத்தன்? கடைக்குப் போறன், வாறன். தெரு தெருதானே எண்டு சொல்லுவன். அவளுக்கு முகம் சுருங்கும். பொம்பிளையளுக்கு எதைக் குடுத்தாலும் வேற ஒண்டைக் கேப்பினம், நீங்களும் போகப்போக அறிவியள்.

எண்பத்தைஞ்சில கலியாணத்துக்கு அனுமதி கேட்டம். ஓம் தம்பி, அனுமதி. வெளிநாட்டுக்காரனைக் கட்டுறதெண்டால் அரசாங்கம் ஓம் எண்டு சொல்லோணும். கந்தோரில ஒரு மனுசி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கொண்டு கேட்டுது: "கட்டினால் எங்க இருப்பியள்?" நான் உண்மையைச் சொன்னன், இன்னும் யோசிக்கேல்லை எண்டு. "யோசிச்சுப்போட்டு வாங்கோ." போனம். "பரிசீலனையில இருக்குது." திரும்பவும் போனம். "பரிசீலனையில இருக்குது." ஆர் பரிசீலிக்கிறது, எங்க, எப்ப முடியும், ஒண்டும் இல்லை. சுவரோட கதைக்கிற மாதிரி.

அதுக்குள்ள என்ரை படிப்பு முடிஞ்சுது. விசாவும் முடிஞ்சுது. நாட்டை விட்டுப் போகச் சொல்லிட்டாங்கள். ஊரில சண்டை, அங்க போக ஏலுமே? மேற்கு பேர்லினுக்குப் போய் அகதியாப் பதியிறதெண்டு முடிவெடுத்தன். வெளிய போற பெரிய ஸ்டேசனுக்குப் பக்கத்தில கண்ணாடி மண்டபம் ஒண்டு கட்டி வைச்சிருந்தவங்கள். சனம் அதுக்குக் கண்ணீர் மாளிகை எண்டு பேர் வைச்சிட்டுது. பாஸ்போட் இருக்கிற ஆள் உள்ளுக்குப் போகும், இல்லாத ஆள் வாசலில நிக்கோணும். கெர்லிண்ட் வாசல் மட்டும் வந்தாள்.

"நானும் வெளிய போக எழுதிக் குடுக்கப் போறன்" எண்டாள்.

"வேலை போயிடுமே?"

"போகட்டும். நீ மட்டும் எனக்கு எல்லாத்தையும் சொல்லிக்கொண்டிரு. நல்லதோ கெட்டதோ."

நான் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு உள்ளுக்குப் போனன். திரும்பிப் பாத்தன், ஆக்கள் மறைச்சுப்போட்டுது.

சொன்ன மாதிரியே எழுதிக் குடுத்தாள். அந்தக் கிழமையே பள்ளிக்கூடத்தால கலைச்சுப்போட்டாங்கள். நாட்டை விட்டுப் போக நினைக்கிறவள் எப்பிடிப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கலாமெண்டு. ஆஸ்பத்திரி லோன்றியில துணி தோய்க்கிற வேலை. கைத்தோல் எல்லாம் உரிஞ்சு போச்சாம். சிநேகிதப் பெட்டையள் தெருவில கண்டால் அந்தப் பக்கம் மாறி நடப்பினமாம். ஹொர்ஸ்றை ட்ராமில இருந்து இறக்கி, பணிமனையில கூட்ட விட்டாங்கள்.

இங்காலை நான் மட்டும் சொகுசா இருந்தனானே? அகதி எண்டு பதிஞ்ச உடனை பாஸ்போட்டை வாங்கி வைச்சிட்டாங்கள். அது இல்லாமல் அவளைப் பாக்க அங்காலை போக ஏலாது. பேர்லினை விட்டு வெளியிலயும் போகக் கூடாதாம். சுதந்திர நாடு! ஒரு ரெஸ்ரோறண்டில கோப்பை கழுவினன். பிறகு வழக்கு வெண்டு, அகதிப் பாஸ்போட் தந்து, அதைக் கொண்டு போனால், எல்லையில நிண்ட பொடியன் என்ரை பேரை எதிலயோ பாத்திட்டு, "உங்களுக்கு அனுமதி இல்லை" எண்டான். ஏன்? "அனுமதி இல்லை." அதுக்கு மேல சொல்லுக் கிடையாது. எட்டிப் பாத்தால் அவளின்ரை ஊர்க் கூரை தெரியுது தம்பி, போக ஏலாது. எனக்கு எப்பிடி இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்கோ.

ரெலிபோனில கதைப்பம். அவளின்ரை பெரியம்மா வீட்டில போன் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை அங்க வந்து நிப்பாள். லைன் கிடைக்கிறதே பெரிய பாடு. கிடைச்சால் கிளிக் எண்டு ஒரு சத்தம், ஆரோ மூச்சு விடுற மாதிரி. கேக்கிறாங்கள்! அவளுக்கு அது ஒரு பொருட்டில்லை. கிளிக் எண்டு கேட்டால், "வணக்கம், தேத்தண்ணி குடிச்சிட்டியளோ?" எண்டு அவங்களுக்குத் தமிழில சொல்லுவாள். ஓம், தமிழ். எங்கேயோ நூல்நிலையத்தில ஒரு இலக்கணப் புத்தகம் பிடிச்சு, தன்ரை பாட்டில படிச்சவள். "உன்ரை அம்மாவோட கதைக்க வேண்டாமோ?" எண்டு கேப்பாள்.

அம்மாவோ ஊரில இருந்து ஒரே அழுகை. இந்தியன் ஆமி வந்த நேரம், செல்லடி, குண்டு விழுது. "நான் கண்ணை மூடுறதுக்குள்ள உனக்கு ஒண்டைச் செய்து வைக்கோணும்" எண்டு சொல்லி, துன்னாலையில ஒரு பிள்ளையைப் பாத்திட்டா. யோகமலர். நல்ல குடும்பம். நான் எத்தினை வருசம் காத்திருக்கிறது? அந்தப் பரிசீலனை முடியுமோ, முடியாதோ, ஆருக்குத் தெரியும்? தாயைச் சாக விடுறதே? எண்பத்தெட்டு மாசியில மலர் வந்தா, கலியாணம் முடிஞ்சுது. அந்த மார்கழியில மகன் பிறந்தான்.

கெர்லிண்டுக்கு எப்ப சொன்னனீங்கள் எண்டு கேக்கிறியள். அதைத்தானே தம்பி சொல்ல வாறன். எப்பிடிச் சொல்லுறது? போனில சொல்லலாமே? அவங்கள் கேட்டுக்கொண்டு இருக்கிறாங்கள். எழுதலாமே? உடைச்சு வாசிக்கிறாங்கள். எங்கட குடும்ப விசயத்தை, ஒரு பொம்பிளைப்பிள்ளையின்ரை மானத்தை, கண்ட பொலிஸ்காரனும் வாசிக்க விடுறதே? நான் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை. நேர வந்தால் சொல்லுவம் எண்டு இருந்தன். மலருக்கும் சொல்லேல்லை. ஊரில இருந்து புதுசா வந்தவ, மனதை ஏன் குழப்புவான்? ஞாயிற்றுக்கிழமை போனைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சன். "லைன் கிடைக்கேல்லை" எண்டு சொன்னன். அது பொய்யும் இல்லை, பாதி நாள் கிடைக்கிறேல்லைத்தான்.

எண்பத்தொன்பது வைகாசி. அவளைக் கூப்பிட்டு, "உமக்கு அனுமதி. இண்டைக்கே நாட்டை விட்டுப் போகோணும்" எண்டிருக்கிறாங்கள். அவ்வளவு வருசம் இழுத்துப்போட்டு ஒரு நாள் தவணை! பிரசாவுரிமையையும் பறிச்சு, இனித் திரும்பி வரக் கூடாது எண்டு எழுதி வாங்கிக்கொண்டு விட்டவங்கள். தாய் தகப்பனைக் கட்டிப் பிடிச்சு அழுதுபோட்டு, ரெண்டு சூட்கேசோட மேற்கு பேர்லினில வந்து இறங்கினாள். அவளுக்கு அந்த ஊரில தெரிஞ்ச ஒரே விலாசம் என்ரை விலாசம்.

நான் வேலையில. கதவைத் திறந்தது மலர், இடுப்பில பிள்ளை.

"குலேந்திரன் இருக்கிறாரோ?" எண்டு வெள்ளைக்காரி தமிழில கேக்க மலர் திகைச்சுப் போனாவாம்.

"அவர் வேலைக்குப் போட்டார். நீங்கள் ஆர்?"

"நான் கெர்லிண்ட். அவரைக் கலியாணம் செய்ய வந்தனான்."

புத்தகத்தில படிச்ச தமிழ், சுத்தி வளைச்சுச் சொல்லத் தெரியாது. மலர் அவளைப் பாத்தா, சூட்கேசைப் பாத்தா, உரிஞ்ச கையைப் பாத்தா. பிறகு, "உள்ளுக்கு வாங்கோ அக்கா" எண்டாவாம். அக்காவாம்! நான் வேலை முடிஞ்சு வந்து கதவைத் திறக்கிறன், ரெண்டு பேரும் மேசையில இருக்கினம், நடுவில தேத்தண்ணி, என்ரை மகன் அவளின்ரை மடியில.

கெர்லிண்ட் அழேல்லை, கத்தேல்லை. "எப்ப?" எண்டு மட்டும் கேட்டாள்.

"போன வருசம் மாசி."

"மாசியில நாங்கள் போனில கதைச்சனாங்கள்."

"ஓம், ஆனால் அவங்கள் கேட்டுக்கொண்டு இருந்தாங்களே."

"அவங்கள் கேக்கட்டும். நான் கேக்கக் கூடாதோ?"

நியாயத்தை விளங்கிற நிலையில அவள் இல்லை. மலர்தான் எழும்பி, "இண்டைக்கு அக்கா இஞ்ச படுக்கட்டும், நீங்கள் ஹோலில படுங்கோ" எண்டு சொல்லிப்போட்டு அறைக்குள்ள பாய் விரிச்சா. என்ரை வீட்டில, என்னைக் கேளாமல்.

பிறகு அவளுக்குப் பக்கத்துத் தெருவில ஒரு அறை கிடைச்சுது. போனாள், ஆனால் போகேல்லை. நான் வேலைக்கு வெளிக்கிட, அவள் வருவாள். மலருக்கு ஜேர்மன் சொல்லிக் குடுக்கிறதாம். ரெண்டு பேரும் பிள்ளையை வண்டிலில வைச்சுத் தள்ளிக்கொண்டு தெருத் தெருவாத் திரியிறது. மரத்தின்ரை பேர் கேக்கிறது, சிரிக்கிறது. நான் வந்தால் கதை நிண்டிடும். ஒரு நாள் பொறுக்கேலாமல் மலரைக் கூப்பிட்டுச் சொன்னன்: "இனி அவளோட கதைக்கக் கூடாது. இந்த வீட்டுக்கு ஆர் வாறது, ஆர் போறது எண்டு எனக்குத் தெரியோணும். என்னைக் கேக்காமல் வெளிய போகக் கூடாது." குடும்பத்தின்ரை நன்மைக்குத்தானே சொல்லுறன்? மலர் பிள்ளைக்குப் பால் கரைச்சுக்கொண்டு, "சரி, பாப்பம்" எண்டா. நான் அதை ஓம் எண்டு எடுத்தன்.

புரட்டாதியில ஹொர்ஸ்ற் மோசம் போட்டார். நெஞ்சுவலி, பணிமனையிலயே விழுந்தவராம். கெர்லிண்ட் எல்லைக்கு ஓடினாள். தகப்பன்ரை செத்தவீடு, ஒரு நாள் விடுங்கோ, ஒரு மணித்தியாலம் விடுங்கோ, பக்கத்தில ஆமிக்காரனை நிப்பாட்டிக்கொண்டெண்டாலும் விடுங்கோ. "நீங்கள் இந்த நாட்டு ஆள் இல்லை. அனுமதி இல்லை." அவ்வளவுதான். அவள் வந்து எங்கட குசினியில, அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில இருந்தாள். நான் சொன்னன், "என்னையும் விடமாட்டாங்கள், கெர்லிண்ட். நாங்கள் ஒண்டும் செய்யேலாது." மெய்தானே? மலர், எந்த இடத்தில செத்தவீடு எண்டு மட்டும் அவளைக் கேட்டா.

செத்தவீட்டு நாள் நான் வேலையால நேரத்தோட வாறன். வீட்டில கெர்லிண்ட் மட்டும், பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருக்கிறாள். "மலர் எங்க?" தலையை நிமித்தாமல், "அங்காலை" எண்டாள்.

எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்துது. மலரிட்ட இலங்கைப் பாஸ்போட் இருந்தது. முறையாக் கூப்பிட்ட மனுசியெல்லோ, அவவை ஒரு பட்டியலிலயும் போடேல்லை. காசைக் கட்டி ஒரு நாள் விசா எடுத்துக்கொண்டு, அரைகுறை ஜேர்மனோட, தனிய, வெள்ளைச் சீலை உடுத்து, அந்தக் கண்ணீர் மாளிகை ஸ்டேசனுக்குள்ளால போட்டா! துன்னாலையில இருந்து பருத்தித்துறைச் சந்தைக்குத் தனியப் போகாத பிள்ளை. பிடிச்சு வைச்சால் என்ன செய்யிறது? மேற்கு ஜேர்மன்காரர் வந்து மீட்டுத் தருவினமோ? "ஏன் விட்டனி?" எண்டு கெர்லிண்டைக் கேட்டன். "நான் கேக்கேல்லை குலா, அவ தானாத்தான் போறன் எண்டவ" எண்டாள்.

நான் ஸ்டேசனுக்கு ஓடினன். வெளிய வாற சனத்தைப் பாத்துக்கொண்டு நிண்டன். பொழுதுபடேக்கை வந்தா. சீலை விளிம்பெல்லாம் மண். கையில ஒரு கைலேஞ்சித் துணி முடிச்சு. "உனக்கென்ன விசரே? எனக்கு ஒரு சொல்லுச் சொன்னனியே?" எண்டு அந்த இடத்திலயே கத்தினன், சனம் திரும்பிப் பாத்துது. அவ என்னைப் பாத்து, "களைச்சுப் போனன், வீட்டை போவம்" எண்டு சொல்லிப்போட்டு முன்னால நடந்தா.

வீட்டை வந்த உடனை குசினிக்குள்ள போய் அந்த முடிச்சைக் கெர்லிண்டின்ரை கையில வைச்சா. தகப்பன்ரை குழி மண். அப்பதான் கெர்லிண்ட் அழுதாள். இங்காலை வந்த பிறகு ஒருக்காலும் அழாதவள், மலரின்ரை மடியில முகத்தை வைச்சுக் குழறினாள். நான் வாசலில நிண்டன். மலர் எழும்பி வந்து, ஆறுதலாக் கதவைச் சாத்தினா.

என்ரை குசினிக் கதவு! நான் காதைக் கதவில வைச்சுக் கேட்டன் தம்பி. ஆர் வந்தவை, தாய் என்ன சொன்னவ, ட்ராம்காரர் வந்தவையோ, எல்லாம் மலர் சொல்லுறா. பாதி தமிழ், பாதி ஜேர்மன், குரலைத் தணிச்சு. எனக்கு ஒரு சொல்லும் பிடிபடேல்லை.

ரெண்டு மாதத்தில மதில் விழுந்துது. கார்த்திகையில சனம் ஏறி நிண்டு ஆடுது. அந்த மனுசன் ஒரு ரெண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதோ?

கெர்லிண்ட் பிறகு திரும்பவும் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கப் போட்டாள். கலியாணம் செய்யேல்லை. என்ரை மகனுக்கு அவள் பெரியம்மா. ஒவ்வொரு வருசமும் புரட்டாதியில மலரும் அவளும் போய் அந்தக் கல்லறையில பூக்கண்டு நட்டுப்போட்டு வருகினம். என்னோட கெர்லிண்ட் கோபமும் இல்லை, கதையும் இல்லை. கண்டால், "சுகமோ குலா?" எண்டு தமிழில கேப்பாள், மறுமொழிக்கு நிக்கமாட்டாள். அண்டைக்குச் செத்தவீட்டில என்ன நடந்தது எண்டு இண்டைக்கு வரைக்கும் எனக்கு ஆரும் சொல்லேல்லை. கேட்டால் மலர், "இப்ப மதிலும் இல்லை, விசாவும் வேண்டாம், நீங்களும் ஒருக்கால் போய்ப் பாத்திட்டு வரலாமே" எண்டுறா.

போவம் எண்டுதான் நானும் இருக்கிறன். எங்கட வீட்டில இருந்து ரெயில் ஏறினால் கிட்டத்தான். வேலை, பிள்ளையின்ரை படிப்பு, இப்ப முழங்காலும் ஏலாது, நேரம் எங்க கிடைச்சுது? எல்லாத்தையும் அந்த அரசாங்கம் கெடுத்துப்போட்டுது, தம்பி.